அசைவும் எண்ணும் ஒலியாகும்போது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் அசைவையோ எண்களையோ எடுத்து ஒலியாக்குவதுதான் பெங்களூரில் என் வேலை. கேட்பவர் தன் கையாலேயே மாற்றிப் பார்க்கக்கூடிய ஒலியாக அது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் ஒரு நாட்டிய வகுப்பின் பின்னறையில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயும், மர்ஃபி டவுனில் அத்தை வீட்டிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

"டேட்டாவைச் சத்தமா மாத்துறேன்னு சொல்றியே, அப்படின்னா என்ன கண்ணு?"

கேட்டவர் அத்தை. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். காவிரித் தண்ணீர் விடியற்காலையில் வரும். அத்தை குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் குடம் நிறையும் நேரத்துக்குச் சரியாக வந்து குழாயை மூடுவார். தண்ணீர் ஏற ஏற, குடத்துக்குள் காற்றுக்கு உள்ள இடம் குறைகிறது. இடம் குறையக் குறைய அந்தக் காற்று ஒலிக்கும் சுருதி ஏறுகிறது. தண்ணீர் மட்டம் என்ற எண் அத்தையின் காதுக்குச் சுருதியாக வந்து சேர்கிறது.

குடத்தில் தானாக நடப்பதை நாங்கள் வேண்டுமென்றே அமைக்கிறோம். 1928இல் ஹான்ஸ் கெய்கரும் வால்தர் முல்லரும் செய்த கதிரியக்கக் கருவி 'டக் டக்' என்று தட்டுவது பலருக்குத் தெரிந்த உதாரணம். கதிர்வீச்சு கூடினால் தட்டல் நெருங்கும். இந்தத் துறைக்கு சோனிஃபிகேஷன் என்று பெயர். தமிழில் நான் ஒலியாக்கம் என்கிறேன். அத்தை குழாயைக் கொஞ்சம் திருகுகிறார், சத்தம் மாறுகிறது, அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் திருகுகிறார். இப்படிக் கையும் காதும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போனால் அது இன்டராக்டிவ் ஒலி.

"அப்போ இது மியூசிக்கா, சயின்ஸா?"

ஒரே கருவிகளை வைத்து இரண்டும் செய்யலாம். எதைச் செய்கிறோம் என்று நாமே தெளிவாக இருக்க வேண்டும். ஒலியாக்கம் என்று சொல்வதற்கு ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் ஹெர்மன் 2008இல் சில நிபந்தனைகள் வைத்தார். ஒலியில் வரும் மாற்றம் தரவில் உள்ள மாற்றத்தைக் காட்ட வேண்டும். எந்த விதிப்படி மாற்றினோம் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அதே தரவை மறுபடி கொடுத்தால் அதே ஒலி வர வேண்டும். வேறு தரவைக் கொடுத்தாலும் அதே அமைப்பு வேலை செய்ய வேண்டும்.

மேடையில் ஒரு கலைஞர் கையை வீசி இசையமைக்கும்போது இந்த நிபந்தனைகள் அவருக்குத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் தேவை. இந்தப் பக்கத்தில் நான் இரண்டையும் பற்றிப் பேசுவேன், ஆனால் என் மனம் இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட, தகவல் சொல்லும் வகையில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக் கேட்பவர் "இப்போது இது நடந்தது" என்று சொல்ல முடிய வேண்டும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"கையை ஆட்டினா சத்தம் வர்றதெல்லாம் இப்போ வந்த டெக்னாலஜிதானே?"

இல்லை. ரஷ்யாவில் லியோன் தெரமின் 1920 வாக்கிலேயே தொடாமல் வாசிக்கும் கருவியைச் செய்துவிட்டார். இரண்டு ஆன்டெனாக்கள், ஒரு கை நெருங்கினால் சுருதி மாறும், மற்றக் கை நெருங்கினால் ஒலியளவு மாறும். 1965இல் ஜான் கேஜும் மெர்ஸ் கன்னிங்ஹாமும் நடனக்காரர்களின் அசைவால் ஒலி பிறக்கும்படி மேடையில் ஆன்டெனாக்களையும் ஒளி உணரிகளையும் வைத்தார்கள். 1984இல் ஆம்ஸ்டர்டாமில் மிஷேல் வைஸ்விஸ் இரண்டு கைகளிலும் கருவி மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2006இல் பிறந்த டி-ஸ்டிக் என்ற சென்சார் குழாயை இன்றும் வாசிக்கிறார்கள்.

அவர்களுக்கெல்லாம் முன்னால் சலங்கை இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்தமாக, எந்த நொடியில் தரையில் விழுந்தது என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும். நட்டுவனார் திரும்பி நின்றால்கூட யார் தாளம் தப்பினார் என்று பிடித்துவிடுவார். வண்டிமாட்டுச் சலங்கையும் அப்படித்தான்.

"கிராஃப் போட்டுப் பாத்துட்டுப் போலாமே, எதுக்குக் காது?"

கண் வேறு வேலையாக இருக்கும்போது காது வேண்டும். அறுவை சிகிச்சை அறையில் நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு 'பீப்'பும் ஒரு இதயத் துடிப்பு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்தப் பீப்பின் சுருதி இறங்கும். மயக்க மருந்து கொடுப்பவர் திரையைப் பார்க்காமலே இரண்டு எண்களைக் காதில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். நான் பார்த்த ஒலியாக்கங்களில் இதைவிடச் சிறந்தது கிடையாது.

இன்னொரு காரணம் நேரம். தொடர்ந்த ஓர் இரைச்சலில் 2, 3 மில்லிநொடி இடைவெளி விழுந்தால்கூடக் காது பிடித்துவிடும். சினிமா நொடிக்கு 24 படங்களைக் காட்டினாலே கண்ணுக்கு அது ஒரே ஓட்டம். அதனால் தாளம், நடுக்கம், திடீர் முறிவு போன்றவற்றைக் கேட்டால் நன்றாகத் தெரியும். "மார்ச் மாதம் சரியாக எத்தனை?" என்று கேட்டால் அதற்கு அட்டவணைதான்.

"எந்த நம்பருக்கு எந்தச் சத்தம்னு யாரு சார் முடிவு பண்றது?"

இதைக் கேட்டது ஓர் இன்ஜினியரிங் மாணவர். இந்தத் துறையின் வேலையில் பெரும்பங்கு இந்தக் கேள்விதான். நாங்கள் இதை மேப்பிங் என்கிறோம். தண்ணீர் மட்டத்தைச் சுருதியோடு குடம் இணைத்தது இயற்பியலின் முடிவு. கணினியில் அந்த முடிவு நம் கையில்.

முதலில் திசை. எண் கூடினால் சுருதி ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் புரூஸ் வாக்கர் இதை ஆட்களிடம் கேட்டே சோதித்தார். வெப்பம் கூடினால் சுருதி ஏற வேண்டும் என்றார்கள். பொருளின் அளவு பெரிதானால் சுருதி இறங்க வேண்டும் என்றார்கள். யோசித்தால் சரிதானே: பெரிய அண்டாவைத் தட்டினால் 'டொம்', சின்ன டம்ளரைத் தட்டினால் 'டிங்'. இதை மதிக்காமல் அமைத்தால் கேட்பவர் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்தது அளவுகோல். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. 200 ஹெர்ட்ஸிலிருந்து 400க்குப் போனால் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம். அதே 200 ஹெர்ட்ஸைக் கூட்டி 2000த்திலிருந்து 2200க்குப் போனால் சதுச்ருதி ரிஷபம்கூட வராது. காது கூட்டலில் கேட்பதில்லை, பெருக்கலில் கேட்கிறது. எண்களை நேரடியாக ஹெர்ட்ஸாக மாற்றினால் கீழே உள்ள சின்ன மாற்றம் பெரிதாகவும் மேலே உள்ள பெரிய மாற்றம் சின்னதாகவும் கேட்கும். ஸ்வரப்படி ஏற்றுங்கள். மெலிவு, சமன், வலிவு என்று நம் இசையில் மூன்று ஸ்தாயிகளைப் பிரித்துவைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

மூன்றாவது, ஒன்றுக்கு ஒன்றா, கலந்தா? கையின் உயரம் சுருதிக்கு, வேகம் ஒலியளவுக்கு என்று தனித்தனியாக இணைத்தால் கற்றுக்கொள்ள எளிது, ஆனால் சீக்கிரம் சலித்துவிடும். வயலினில் அப்படி எதுவும் தனியாக இல்லை. வில்லின் வேகமும் அழுத்தமும் சேர்ந்துதான் ஒலியளவையும் தொனியையும் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தில் ஆண்டி ஹன்ட் என்பவர் செய்த சோதனைகளில், கலந்த மேப்பிங் முதலில் கடினமாக இருந்தாலும் பழகப் பழக அதில்தான் மக்கள் நன்றாக வாசித்தார்கள். அதனால் நான் தகவல் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு ஒன்று வைக்கிறேன். கருவியாகப் பழக வேண்டிய இடத்தில் கலக்கிறேன்.

"வால்யூமைக் கூட்டிக் குறைச்சாப் போதுமே, ஏன் சுருதியையே பிடிச்சுத் தொங்குறீங்க?"

ஒலியளவை நம்ப முடியாது. கேட்பவர் போனில் வால்யூமை மாற்றிவிடுவார். வெளியே தண்ணீர் டேங்கர் ஒன்று போனால் பாதித் தரவு அதோடு போய்விடும். ஒரே அளவு ஒலியானாலும் 100 ஹெர்ட்ஸில் மெதுவாகவும் 3000 ஹெர்ட்ஸில் சத்தமாகவும் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். 'கூடியது, குறைந்தது' என்பதற்குத் துணையாக மட்டும் வையுங்கள்.

"மோகனத்துல வெச்சுட்டா கேக்க நல்லா இருக்குமே?"

நாட்டிய ஆசிரியை கேட்டது. நல்லாத்தான் இருக்கும் டீச்சர், அதுதான் சிக்கல். மோகன ராகத்தில் ஒரு ஸ்தாயிக்கு ஐந்து ஸ்வரங்கள்தான். 0 முதல் 100 வரை உள்ள எண்களை இரண்டு ஸ்தாயி மோகனத்தில் அடக்கினால் மேல் ஸட்ஜத்தோடு சேர்த்து 11 ஸ்வரங்கள்தான். 41ம் 47ம் ஒரே ஸ்வரத்தில் போய் விழலாம். தரவில் இருந்த வித்தியாசம் அங்கே காணாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. ராகம் தன் குணத்தைக் கொண்டுவரும். ஏரி வற்றும் கணக்கை மோகனத்தில் கேட்டால் மனம் மகிழ்ந்துவிடும். முகாரியில் வைத்தால் நிறைந்த ஏரிக்கும் அழுகை வரும். தரவு சொல்லாத ஓர் உணர்ச்சியை நாம் சொல்லிவிடுகிறோம். மேடை நிகழ்ச்சி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தகவல் என்றால் ஸ்வரங்களுக்கு இடையில் வழுக்கிப் போகும் தொடர் சுருதியை விடுங்கள், பின்னால் தம்புரா மாதிரி ஒரு நிலையான ஸட்ஜத்தை வையுங்கள். அந்த ஆதாரம் இருந்தால் நம் ஊர்க் காது எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதை மிக நுணுக்கமாகச் சொல்லிவிடும். வகுப்பில் நான் செய்தவற்றில் மிகவும் பலன் தந்தது இந்தச் சின்ன மாற்றம்தான்.

"என் பொண்ணு பரதநாட்டியம் ஆடுறா. கால்ல சென்சார் கட்டினா என்ன கிடைக்கும்?"

சலங்கை சொல்லாததைச் சொல்ல வைக்கலாம். கால் விழும் நொடியைச் சலங்கை சொல்லும். விழுவதற்கு முன் கால் எவ்வளவு உயர்ந்தது, அரைமண்டி (முழங்காலை மடித்த பாதி உட்கார்வு) நடுவில் எழும்பிவிட்டதா என்பதைச் சொல்லாது. இடுப்பில் ஒரு சென்சார் கட்டி, அரைமண்டியின் ஆழத்தை ஒரு மெல்லிய தொடர் ஒலியாக மாற்றினோம். மூன்றாம் காலத்தில் தட்டடவு வேகமெடுக்கும்போது பிள்ளைகள் தங்களை அறியாமல் எழும்புவார்கள். சுருதி ஏறுவதைக் கேட்டதும் தாங்களே திரும்ப இறங்கினார்கள், டீச்சர் வாய் திறப்பதற்கு முன்னால்.

காலில் கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. எம்பியு-6050 என்ற மலிவான சென்சார் தொடக்கத்தில் 2ஜி வரைதான், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இரண்டு மடங்கு வரைதான், அளக்கும்படி இருக்கும். ஓங்கித் தட்டினால் அதைத் தாண்டிவிடும், எல்லாத் தட்டும் ஒரே அளவாகத் தெரியும். 16ஜிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி வந்தால் அது காலின் அதிர்வு. ஒரு தட்டைப் பிடித்த பிறகு 50, 60 மில்லிநொடிக்குச் சென்சாரைக் கேட்காமல் விடுங்கள். சென்சார் தளர்ந்திருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. சலங்கைத் தோலோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

"கால் விழுந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சத்தம் வருது, ஏன்?"

ப்ளூடூத் ஸ்பீக்கரா என்று முதலில் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான்.

இசைக்கருவிக்குத் தாமதம் 10 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும், அந்தத் தாமதம் கூடிக் குறைவது 1 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002இல் ஓர் இலக்கு வைத்தார்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 3 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரவே 9 மில்லிநொடி ஆகிவிடும். ப்ளூடூத் பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல் சேர்க்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் 'தகதிமி'யின் ஒவ்வொரு எழுத்துக்கும் 125 மில்லிநொடிதான். 'த'வுக்குத் தட்டியது 'க'வின் இடத்தில் போய் ஒலித்தால் ஆடும் பிள்ளை என்ன செய்வாள்?

கம்பி ஸ்பீக்கர் போடுங்கள், ஆடுபவருக்குப் பக்கத்தில் வையுங்கள். மென்பொருளில் ஆடியோ பஃபரை, அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்தை, 256 சாம்பிளுக்கு இறக்கினால், நொடிக்கு 44100 சாம்பிள் என்ற வேகத்தில் அது 6 மில்லிநொடிக்கும் குறைவு. தாமதம் கூடிக் குறைவதுதான் இதைவிட மோசம். நிலையான தாமதத்துக்கு உடல் ஓரளவு பழகிக்கொள்ளும், அலையும் தாமதத்துக்குப் பழகவே பழகாது.

"கேமராவே போதுமாமே? உடம்புல எதுவும் கட்ட வேண்டாம்னு சொன்னாங்க."

பல வேலைகளுக்குப் போதும். கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் என்ற மென்பொருள் சாதாரண லேப்டாப் கேமராவிலேயே உடலில் 33 புள்ளிகளையும் ஒரு கையில் 21 புள்ளிகளையும் கண்டுபிடிக்கும். ஹஸ்த முத்திரைகளுக்குச் சென்சார் கையுறை மாட்டிவிடுவதைவிட இதுவே மேல். கையுறை போட்டால் விரல் விரலாக இருக்காது.

ஆனால் நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி. மேலே தாமதத்தைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தட்டுக்குச் சென்சார், தோரணைக்குக் கேமரா என்பது என் வழக்கம். உடையின் விசிறி மடிப்பு முழங்காலை மறைத்தால் கேமரா தானாக ஒரு முழங்காலை ஊகித்துக்கொள்ளும். அது ஊகம் என்று ஒலி சொல்லாது. நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

"சத்தம் வழுக்காம படிக்கட்டு மாதிரி தாவித் தாவிப் போகுதே?"

நடுவில் எங்கோ மிடி (MIDI) இருக்கிறது, இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை அது. 1983இல் வந்த அந்த முறையில் சாதாரணமாக ஒரு மதிப்புக்கு 0 முதல் 127 வரைதான் படிகள். பெர்க்லியிலிருந்து 1997இல் வந்த ஓப்பன் சவுண்ட் கன்ட்ரோல் என்ற முறைக்கு மாறினால் தசம எண்களை அப்படியே அனுப்பலாம். அதற்குப் பிறகும் தாவினால், வரும் எண்ணைச் சற்றே மெதுவாகப் பின்தொடரும்படி வடிகட்டுங்கள். ரொம்ப வடிகட்டினால் தாமதம் திரும்ப வந்துவிடும்.

"என்னென்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்?"

முதலில் எதுவும் வாங்காதீர்கள். உங்கள் போனிலேயே அசைவு சென்சார் இருக்கிறது. மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய ப்யூர் டேட்டா இலவசம். பெட்டிகளைக் கம்பியால் இணைப்பதுபோல் திரையில் இணைத்தால் ஒலி வரும். எழுத்தில் நிரல் எழுதப் பிடித்தவர்களுக்கு சூப்பர்கொலைடரும் இலவசம். பிறகு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டும் ஓர் எம்பியு-6050ம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கடைக்காரரிடம் இணைப்புப் பின்களை ஏற்கெனவே சால்டர் செய்ததாகக் கேட்டு வாங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

"மெஷின் லேர்னிங் இதுல எங்க வருது?"

விதியை எழுத முடியாத இடத்தில். 'பதாகம்' என்ற கை முத்திரையை ஐம்பது கோண அளவுகளாக எழுதுவதைவிட, பத்து முறை காட்டி "இதற்கு இந்த ஒலி" என்று பழக்குவது எளிது. ரெபெக்கா ஃபீப்ரிங்க் 2009இல் செய்த வெகினேட்டர் இதற்கென்றே உள்ள இலவசக் கருவி. ஆனால் உள்ளே என்ன விதி நடக்கிறது என்று சொல்ல முடியாமல் போகும். இரண்டாம் கேள்வியில் சொன்ன நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால், அளக்கும் வேலைக்கு இதைச் சேர்க்க நான் தயங்குவேன்.

"எங்கப்பாவுக்குப் பார்க்கின்சன். இதால நடை சரியாகுமா?"

இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒன்று, வெளியிலிருந்து சீரான தாளம் கொடுத்து அதற்கு நடக்க வைப்பது. மைக்கேல் தவுட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் மூன்று வாரம் தாளத்தோடு நடைப்பயிற்சி செய்தபோது நடை வேகமும் அடியின் நீளமும் கூடின. அதற்குப் பிறகு இதில் நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. இதற்குச் சென்சாரே வேண்டாம், சீராகத் தட்டும் மெட்ரோனோம் போதும்.

இன்னொன்று, அவருடைய நடையையே ஒலியாக்கி அவருக்குக் கேட்கவைப்பது. நம்பிக்கை தரும் வேலை இது, ஆனால் யாருக்கு எந்த ஒலி பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. நோயைக் குணமாக்குவது இரண்டும் இல்லை. எதுவானாலும் நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு, பக்கத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, கைப்பிடிச் சுவர் உள்ள இடத்தில் தொடங்குங்கள். தாளத்துக்கு ஈடுகொடுக்கும் அவசரத்தில் விழுந்துவிடக் கூடாது.

"கண்ணு தெரியாதவங்களுக்கு நிஜமாவே உதவுதா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

உதவுகிறது. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் படிக்கும் காலத்தில் பார்வையை இழந்தவர். விண்ணிலிருந்து வரும் தரவுகளை ஒலியாக்கிக் கேட்டே ஆராய்ச்சி செய்கிறார். நெதர்லாந்தின் பீட்டர் மெய்ஜர் 1992இல் வெளியிட்ட முறை கேமராப் படத்தை இடமிருந்து வலமாக வருடி, உயரத்தைச் சுருதியாகவும் வெளிச்சத்தை ஒலியளவாகவும் மாற்றும். நீண்ட நாள் பழகியவர்கள் அதில் பொருள்களின் வடிவத்தைப் பிடிக்கிறார்கள்.

ஆனால் பார்வையுள்ள நாம் நம் ஊகத்தில் அமைத்துக்கொண்டு போய் நீட்டக் கூடாது. மேப்பிங் பதிலில் சொன்ன வாக்கரின் ஆய்வுகளில் ஒன்றில், பணத்தின் அளவைச் சுருதியாக்கும்போது பார்வையுள்ளவர்கள் ஒரு திசையையும் பார்வையற்றவர்கள் எதிர்த்திசையையும் தேர்ந்தெடுத்தார்கள். தவிர, அவர்கள் காதில் ஏற்கெனவே திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பேசிக்கொண்டிருக்கிறது, தெருவின் சத்தம் வழி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் காதில் இடம் கேட்கிறோம். முதல் நாளிலிருந்தே அவர்களும் சேர்ந்து வடிவமைக்க வேண்டும்.

"நாசா போட்டாங்களே பிளாக் ஹோல் சத்தம், அது நிஜமா அங்க கேக்குமா?"

கேட்காது. பெர்சியஸ் விண்மீன் திரள் கூட்டத்தில் பரவியிருக்கும் சூடான வாயுவில், நடுவிலுள்ள கருந்துளை எழுப்பும் அழுத்த அலைகள் உண்மை. 2003இல் அதை அறிவித்தபோது, பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே என்று கணக்கிட்டார்கள். 2022இல் வந்த ஒலியில் அதை 57, 58 ஸ்தாயிகள் மேலே தூக்கிக் காதுக்குள் கொண்டுவந்தார்கள். அதைச் சொல்லித்தான் வெளியிட்டார்கள். பகிர்ந்தவர்கள்தான் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

இதோடு 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பிடித்த ஈர்ப்பலையை ஒப்பிடுங்கள். ஈர்ப்பலை ஒலியே அல்ல. ஆனால் அதன் அதிர்வெண் சுமார் 35இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை நொடிப்பொழுதில் ஏறியது, அது நம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அளவீட்டின் இரைச்சலை வடிகட்டி ஸ்பீக்கரில் விட்டாலே 'வ்வ்வுப்' என்று ஏறுவது கேட்கும். ஒலியாக்கத்தில் எவ்வளவு மாற்றினோம் என்பதை ஒவ்வொரு முறையும் கூடவே சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த இரண்டையும்தான் வகுப்பில் போட்டுக்காட்டுகிறேன்.

"நீங்களா ஒரு சத்தத்தை வெச்சுட்டு டேட்டா பேசுதுன்னா, அது ஏமாத்து வேலைதானே?"

கோபமாகக் கேட்டார் ஒரு பெரியவர், கேட்டது நியாயம். ஏமாற்று வேலையாகிவிட முடியும். அதனால் சோதிக்க வேண்டும். சென்னை, பெங்களூரு இரண்டின் மாத மழை அளவையும் பன்னிரண்டு சுருதிகளாக்கி, எது எந்த ஊர் என்று சொல்லாமல் பிள்ளைகளுக்குப் போட்டேன். சென்னையில் அக்டோபர், நவம்பரில் ஒரே பெரிய ஏற்றம். பெங்களூரில் மே மாதம் ஓர் ஏற்றம், ஜூனில் கொஞ்சம் இறங்கி, செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. கேட்டு முடித்ததும் ஒரு சிறுமி "ரெண்டு தடவை ஏறுறது நம்ம ஊரு" என்றாள்.

அதோடு விடவில்லை. அதே எண்களின் வரிசையைக் கலைத்து மூன்றாவதாக ஒன்றைப் போட்டேன். அதையும் யாராவது "இதுவும் அழகான மழை" என்று ஏற்றுக்கொண்டிருந்தால் என் அமைப்பு பொய். கலைத்ததைக் கலைத்தது என்று கண்டுபிடித்தார்கள். எந்த ஒலியாக்கத்தைக் கேட்டாலும், பொய்த் தரவைக் கொடுத்தால் இது எப்படி ஒலிக்கும் என்று செய்தவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர் இன்னும் வேலையை முடிக்கவில்லை.

"இதைப் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?"

ஒலியாக்கத்துக்கு 1992இல் தொடங்கிய ஐகாட் (ICAD) மாநாட்டின் கட்டுரைகளும், புதிய இசைக்கருவிகளுக்கு 2001இல் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கிய நைம் (NIME) மாநாட்டின் கட்டுரைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரிஸின் இசை ஆய்வு மையமான இர்காம், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் வெளியூரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே அப்பும் கரணை என்ற கறுப்புப் பூச்சுதான் அவற்றைச் சேரவைத்துச் சுருதியுள்ள தோல்கருவியாக்குகிறது என்று காட்டினார். 1948இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இதே பெங்களூரில் இருக்கிறது. கை எந்த இடத்தில் விழுந்தால் எந்த ஒலி என்பதை இவ்வளவு நுணுக்கமாக அமைத்துவைத்த மிருதங்கம் செய்பவர் ஒருவரோடு ஒரு நாள் உட்காருங்கள். மேப்பிங் பற்றி அவரிடம் நான் கற்றது அதிகம்.

"எல்லாத்தையும் சத்தமாக்கிட்டா ஊரே இரைச்சலாயிடாதா? சில்க் போர்டு சிக்னல்ல நின்னு பாத்திருக்கீங்களா?"

நின்றிருக்கிறேன். இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் ஓயாமல் கத்தும் அலாரங்களுக்குச் செவிலியர்களின் காது மரத்துப்போவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது; உண்மையான ஆபத்து அந்த இரைச்சலில் தவறிப்போகிறது.

அதனால் நான் எதைச் செய்தாலும் மூன்றைக் கடைப்பிடிக்கிறேன். எதுவும் மாறாதபோது ஒலி கிட்டத்தட்ட அடங்கியிருக்க வேண்டும். யாருக்குத் தேவையோ அவர் காதுக்கு மட்டும் போக வேண்டும், அறை முழுவதற்கும் போகக் கூடாது. நிறுத்தும் பொத்தான் கேட்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒலி வருவதற்கு முன்னால், முதல் நாளே அந்தப் பொத்தானைத்தான் பொருத்துகிறேன். பிள்ளைகளுக்கும் அதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.